பண்டமாரான் வீட்டில் சியாமளா

1

நேற்று ராஜபாளையத்திலிருந்து என் தங்கை செல்வி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, நம்ம நாடகத்த இன்னும் நீட்டப் போறாங்களாம்க்கா. சியாமளா சாகலையாம்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே கேட்டேன். முடிந்ததும் பயத்தோடு இன்னொரு முறை கேட்டேன். ஒரு டிவி நாடகம் நீள்வதற்கு ஒருத்தி ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். ஊரில் இருந்தவரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கல்யாணமாகி இங்கே, மலாயாவுக்கு, வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் ஒரு வரிசை வீடு. என் கணவர் சேகர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். மகள் ஹர்ஷினி இந்த வருடம்தான் இடைநிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். வீட்டில் மாமனார் மாமியார் இல்லை. இருவரும் போனபின் சேகரை வளர்த்து ஆளாக்கியவர், எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பிக்காகவே கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று தெருவே சொல்லும். எங்கள் பக்கம் கணவரின் அக்காவை மதினி என்போம். வந்த புதிதில் நான் அப்படிக் கூப்பிட, வீடே சிரித்தது. பிறகு எல்லோரையும் போல நானும் பெரியக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. நான் இந்த நாட்டில் இருப்பது மனைவி என்ற முறையில் தரப்படும் பாஸில். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும்போது கணவர் கூடவே வந்து, இவள் என் மனைவி, இவளுக்கு நான் பொறுப்பு என்று நிற்க வேண்டும். நிரந்தரமாகத் தங்குவதற்கு எழுதிப் போடலாம் என்று வருடா வருடம் பேசுவோம். அதற்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், அந்த நேரம் இன்னும் கூடி வரவில்லை. அவர் ஒரு தடவை வராமல் போனால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஹர்ஷினி இந்த நாட்டுப் பிள்ளை. அவளை நான் கூட்டிக்கொண்டு போக முடியாது. போனாலும் அவள் ராஜபாளையத்தில் ஒரு வாரம் தாங்கமாட்டாள்.

2

நாடகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். கதை இதுதான். அரிசி ஆலை வைத்திருந்த ஒருவரை அவருடைய கூட்டாளிக் குடும்பம் ஏமாற்றி நடுத்தெருவில் நிறுத்துகிறது. அந்த அவமானத்திலேயே மனிதர் செத்துப் போகிறார். அவருடைய மகள் தன் பெயரையும் ஊரையும் மறைத்து, சியாமளா என்ற பெயரில் அதே குடும்பத்துக்கு மருமகளாக வருகிறாள். விளக்கேற்றுவாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள், மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவாள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியதும் நம்மைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவாள். அந்தப் புருவத்துக்குத் தனியாக ஒரு இசை உண்டு.

மாலையில் விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம் கூடும். கூட்டம் என்றால் பெரியக்கா, பக்கத்து வீட்டு ரீட்டா ஆன்டி, நான். ரீட்டா ஆன்டி ரயில்வே குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர், பள்ளிக்கூட எழுத்தராக இருந்தவர். கையில் ஜெபமாலையோடு வருவார். ஜெபம் முடிந்துதான் நாடகம் என்பார், ஆனால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

"பாரு பாரு, எப்படிச் சிரிக்கிறா பாரு. உள்ளுக்குள்ள அத்தனையும் வெசம்" என்பார் பெரியக்கா.

"இயேசுவே, இந்தப் பொம்பளைய மட்டும் சும்மா விடாதீங்க" என்பார் ரீட்டா ஆன்டி, மணியை உருட்டிக்கொண்டே.

சேகர் வாசல் பக்கம் நின்று போனைப் பார்ப்பது போல இருப்பார். ஆனால் விளம்பரம் வரும்போதுதான் குளிக்கப் போவார். ஹர்ஷினி மாடிப்படியில் உட்கார்ந்து, "அத்தே, அது சும்மா ஆக்டிங் லா. ரொம்ப கிரிஞ்ச்" என்பாள்; இங்கே பேச்சில் பாதி லா என்றுதான் முடியும். "நீ சின்னப் பிள்ள, உனக்கு என்னா தெரியும்? குடும்பத்துக்குள்ள இப்படித்தான் வருவாளுங்க" என்று பெரியக்கா பதில் சொல்வார். அப்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஊரில் ஓடிய நாடகம் இங்கே எங்கள் பெட்டிக்கு வந்து சேர ஒன்றிரண்டு மாதமாகும். போனிலேயே பார்த்துவிடலாம்தான். ஆனால் சின்னத் திரையில் பார்த்தால் பெரியக்காவுக்கு அழுகை வராதாம். ஆகவே கதையின் நாளைய நிலவரம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். செல்வி தினமும் விடாமல் சொல்லிவிடுவாள்.

"வாசுகி, உங்க ஊர்ல என்னா ஆச்சு? கொஞ்சமா சொல்லு" என்று ரீட்டா ஆன்டி கேட்பார். பெரியக்கா, "சொல்லாத, சொல்லாத" என்று கையை ஆட்டிவிட்டு, காதை மட்டும் என் பக்கம் திருப்புவார். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இந்த வீட்டில் கடைக்கு எந்த வழி குறுக்கு, எந்த மீன் எந்தக் கடையில் நல்லது, மலாயில் எதற்கு என்ன பெயர் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். காலையில் சாப்பிடுவதைப் பசியாறுவது என்று சொல்ல வேண்டும் என்பது வரைக்கும். நான் அவர்களுக்குச் சொல்ல இருந்தது இந்த நாடகம் ஒன்றுதான்.

3

நான் வேலை செய்வது பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடையில். சேலைப் பகுதி என்னுடையது. நாடகம் சூடு பிடித்த பிறகு தினமும் யாராவது வந்து, "அக்கா, அந்தச் சியாமளா கட்டுற மாதிரி சேல இருக்கா?" என்று கேட்பார்கள். மெல்லிய துணி, கறுப்புக் கரை. அவளை வாய் வலிக்கத் திட்டுகிறவர்கள்தான் அவள் சேலையைத் தேடி வருவார்கள். எங்கள் முதலாளி அந்த ரகத்தை மூன்று தடவை வரவழைத்துவிட்டார்.

ஒரு நாள் செலாயாங்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். சேலையை விரித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "என் மருமகளும் அப்படித்தான்மா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டா. முன்னெல்லாம் நல்ல பொண்ணுன்னு நினைச்சேன். இப்ப யோசிக்கிறேன், ஏன் எதிர்த்துப் பேசமாட்டேங்கிறா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துணியின் மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ரயிலில் வரும்போது எனக்கு ஊர் நினைவு வந்தது. நான் கல்லூரி முடித்த சமயம், ராஜபாளையத்தில் ஒரு நகைக்கடைத் திறப்புக்கு அப்போது டிவியில் வில்லியாக நடித்துக்கொண்டிருந்த ஒரு நடிகையைக் கூட்டி வந்தார்கள். பஞ்சு மார்க்கெட் பக்கமெல்லாம் சனம். கயிறு கட்டியும் பயனில்லை. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் உள்ளே புகுந்து அந்த நடிகையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, அந்தப் பச்சப்புள்ளய எதுக்கு அப்படிப் பாடாப்படுத்துத? உனக்கும் ஒரு புள்ள இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். நடிகை சிரித்தபடியே கையை விடுவிக்கப் பார்த்தார். அந்தப் பெண் விடவில்லை. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் பயந்துபோய் யாராவது வருவார்களா என்று தேடியது. அந்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஷா ஆலம் தாண்டும்போது அது எதற்கு வந்தது என்று அன்று தெரியவில்லை.

4

பெரியக்காவுக்குச் சர்க்கரை உண்டு. காலையில் அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. பெண் பார்க்க ராஜபாளையம் வந்தபோது எங்கள் வீட்டில் அதைக் குடித்துவிட்டுத்தான், "இந்தப் பொண்ணே போதும்" என்று தம்பியிடம் சொன்னாராம். பெரியக்காவே பலமுறை பெருமையாகச் சொன்ன கதை அது. இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு அடிக்கடி தலை சுற்றியது. கை லேசாக நடுங்கியது. கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

அப்போதுதான் செல்வியின் பதிவு வந்தது. "அக்கா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? சியாமளா மாமியாருக்குத் தினமும் குடுக்குற கஞ்சியில என்னமோ பொடியக் கலக்குதா. ஒரேயடியாச் சாகாதாம், கொஞ்சம் கொஞ்சமா. இப்ப அந்தம்மாவுக்குக் கையெல்லாம் நடுங்குது."

கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை வைத்துவிட்டு ஸ்டோர் அறைக்குள் போய் மறுபடி கேட்டேன். கஞ்சி என்றுதான் சொன்னாள். பாலிலோ பாயசத்திலோ கலக்கக் கூடாதா அந்தக் கதை எழுதுகிறவர்? அந்தக் காட்சி கப்பலேறி வருவது போல எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் சில வாரத்தில் ஹாலில் இறங்கிவிடும் என்று தோன்றியது. சிரிக்க வேண்டிய விஷயம். எனக்குப் பயமாக இருந்தது.

பயத்தில் புத்தி வேலை செய்யாது என்பார்கள். என் புத்தி அதிகமாகவே வேலை செய்தது. அந்த வாரமே கஞ்சியை நிறுத்திவிட்டேன். "காலையில ரயிலுக்கு நேரம் பத்தல பெரியக்கா. பாக்கெட் ஓட்ஸ் வாங்கி வச்சிருக்கேன், வெந்நீர் ஊத்தினாப் போதும், நீங்களே கலக்கிக்கலாம்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "ஏன், கஞ்சிக்கு என்னா வந்துச்சு?" என்று கேட்டார். பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த முறை ரீட்டா ஆன்டி "உங்க ஊர்ல என்னா ஆச்சு?" என்று கேட்டபோது, "சியாமளா திருந்திடுறா ஆன்டி. மாமியார் பாசத்தப் பார்த்து மனசு மாறிடுறா" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். ரீட்டா ஆன்டிக்கு ஏமாற்றம். "என்னாலா இது, இவ்வளவு செஞ்சவ சும்மா திருந்திடுவாளா?" என்றார். பெரியக்கா மட்டும், "திருந்தட்டும். பொம்பளப் பிள்ளதானே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அதே மாதம் பெரியக்காவை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். தலைச்சுற்றலைப் பற்றி நான்தான் டாக்டரிடம் எடுத்துச் சொன்னேன். மாத்திரை கொஞ்சம் அதிகம்தான் என்று சொல்லி அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் சுற்றல் நின்றது. நடுக்கமும் குறைந்தது. நல்லதைத்தான் செய்தேன்.

5

அந்தக் காட்சி ஒரு வியாழக்கிழமை வந்தது.

சியாமளா அடுப்படியில் நிற்கிறாள். கஞ்சி கொதிக்கிறது. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறாள். புருவம், இசை. மாமியார் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்குகிறார். "உன் கை ராசிம்மா, இதக் குடிச்சாத்தான் எனக்கு விடியுது" என்கிறார். கிண்ணம் நடுங்குகிறது.

ஹாலில் யாரும் திட்டவில்லை. எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. ரீட்டா ஆன்டியின் விரல் ஒரு மணியிலேயே நின்றுவிட்டது. விளம்பரம் வந்ததும் அவர்தான் பேசினார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. "வாசுகி, நீ அவ திருந்திட்டான்னுதானே சொன்ன?"

"செல்வி தப்பா சொல்லியிருப்பா ஆன்டி."

"தங்கச்சி எப்பவும் கரெக்டா சொல்லுமே."

பெரியக்கா திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "நீ கஞ்சி காய்ச்சுறத எப்ப நிறுத்துன?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற குரல்.

"ரயிலுக்கு நேரம் பத்தலன்னு..."

"நிறுத்துனப்புறம்தான் எனக்குத் தலை சுத்துறது நின்னுச்சு."

"மாத்திரையக் குறைச்சாங்களே பெரியக்கா. நான்தானே கூட்டிட்டுப் போனேன்."

"ஆமா" என்றார். "நீதான் கூட்டிட்டுப் போன."

சேகர் வாசலில் நின்றிருந்தார். போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹர்ஷினி மாடிப்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அது ஆக்டிங் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியது. எல்லோரும் திரும்பவும் சியாமளாவைப் பார்த்தோம்.

6

அதன்பிறகு எங்கள் வீட்டில் சண்டை நடந்தது என்று நினைத்தால் தவறு. ஒரு சுடுசொல் இல்லை. பெரியக்கா சந்தையில் ஒரு சின்னப் பானை வாங்கி வந்தார். "உனக்கு எதுக்கு சிரமம்" என்று சொல்லித் தன் சோற்றைத் தானே வடித்துக்கொண்டார். தண்ணீரைப் போத்தலில் நிரப்பித் தன் அறையில் வைத்துக்கொண்டார். ரீட்டா ஆன்டி முன்னைப் போலவே வந்தார், ஆனால் நான் கொடுக்கும் தேநீர் ஆறிப்போய் அப்படியே இருக்கும். சேகர் இரவுச் சாப்பாட்டுக்கு, "வேலை எடத்துல பசங்க தபாவ் வாங்குனாங்க, சாப்பிட்டேன்" என்பார். தபாவ் என்றால் இங்கே பொட்டலம். ஒரு நாள் இரண்டு நாள் சரி. வாரம் முழுக்க யார் அவருக்குப் பொட்டலம் வாங்கித் தந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியக்கா பின்வாசலுக்கு வந்து நின்றார்.

"உங்க அப்பா முன்ன எப்பவாவது மலாயாவுக்கு வந்திருக்காரா?"

"இல்லையே பெரியக்கா. அவரு பஸ் கண்டக்டர். மதுரையத் தாண்டினதே கிடையாது."

"உங்க தாத்தா?"

"தெரியல. ஏன்?"

"இல்ல, எங்க மாமா ஒருத்தர் இங்க கூட்டா லோரி ஓட்டினாரு. கூட்டாளி ஒருத்தன் எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு ஊருக்கே போயிட்டான். அவன் உங்க விருதுநகர் பக்கம்னு சொல்லுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவர் என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். சியாமளாவின் சிரிப்பை அவர் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும், எத்தனை மாலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையில் ஈரச் சட்டையோடு நின்றேன். நான் சிரிப்பதை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. நகைக்கடை வாசலில் அந்த நடிகைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? "டிவி பார்த்துட்டு என்னைச் சந்தேகப்படுறாங்கம்மா" என்று சொன்னால் செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். கடையில் சொல்ல முடியுமா? அங்கே பாதிப் பேர் பெரியக்காவின் கட்சியாக இருப்பார்கள். நிரபராதி என்று நிரூபிக்கவும் வழி இல்லை. பணிவாக இருந்தால் சியாமளாவும் பணிவுதான். அழுதால் அவளும் அழுவாள், அவளைவிட நன்றாக. கோபப்பட்டால் முகமூடி கிழிந்தது என்பார்கள்.

இதற்கு நடுவில் பாஸ் முடியும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் ஒரு மாதம் முன்னாலேயே சேகர் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். இந்த முறை நான் கேட்டபோது, "பார்ப்போம் லா" என்றார். மறுபடி கேட்டேன். "துறைமுகத்துல வேலை ஜாஸ்தி. பார்ப்போம்." அவர் கெட்டவர் அல்ல. அக்காவின் சொல்லைத் தாண்டி அவர் ஒரு சட்டைகூட எடுத்ததில்லை, அவ்வளவுதான். அந்தப் "பார்ப்போம்" என்ற சொல் எனக்குள் நாள் முழுக்க ஓடியது. ஹர்ஷினிக்குத் தலை பின்னும்போது, இன்னும் எத்தனை நாள் இதைச் செய்வேன் என்று நினைத்தேன். நினைத்ததும் கை அவள் முடியை இறுக்கிப் பிடித்துவிட்டது. "அம்மா, வலிக்குது" என்று தலையை இழுத்துக்கொண்டாள். வழக்கமாகத் திட்டுவாள். அன்று திட்டவில்லை, எழுந்து அத்தையின் அறைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் மாடிப்படியில் உட்காராமல் அத்தையின் நாற்காலிக்குக் கீழேதான் உட்காருகிறாள்.

7

ஒரு மாலை நாடகம் முடிந்து ரீட்டா ஆன்டி போன பிறகு, பெரியக்காவே கேட்டார். "உங்க ஊர்ல இப்ப என்னா ஆச்சு? உண்மையச் சொல்லு."

பொய் சொல்லிப் பட்டது போதும் என்று இருந்தது. செல்வி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். "கண்டுபிடிச்சுடுறாங்க பெரியக்கா. வீட்ட விட்டுத் துரத்திடுறாங்க. அவளோட புள்ளைய மட்டும் பிடுங்கி வச்சுக்குறாங்க."

"அப்புறம்?"

சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். "அப்புறம் அவ திரும்பி வரா. அதுவரைக்கும் பழி வாங்க அவளுக்கு அப்பா மட்டும்தான் காரணமா இருந்தாரு. இப்ப புள்ளையும் சேர்ந்துடுச்சு. வீட்டையே எழுதி வாங்கிடுறா. ஒருத்தரையும் விடல."

பெரியக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "துரத்தியிருக்கக் கூடாது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஹர்ஷினி கீழே உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சேகர் ஷூ மாட்டிக்கொண்டே, "புதன்கிழம லீவு போட்டிருக்கேன். பாஸுக்குப் போயிட்டு வந்துடுவோம்" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கடவுளுக்குக் கற்பூரம் ஏற்றினேன். எதற்கு மனம் மாறினார் என்று அப்போது யோசிக்கவில்லை.

அலுவலகத்தில் எப்போதும் போலக் கூட்டம். என்னைப் போல எத்தனையோ நாட்டுப் பெண்கள், பக்கத்தில் கணவன்மார்கள். சில பெண்கள் தனியாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம்வரை அவர்களை நான் கவனித்ததே இல்லை. எண் வருவதற்காகக் காத்திருக்கும்போது சேகரிடம், "நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"அக்காதான் போகச் சொன்னாங்க."

"பெரியக்காவா?" என் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அவர் தரையைப் பார்த்தார். "உன்ன ஊருக்கு அனுப்பக் கூடாதுன்னாங்க. அனுப்புனா அங்க உக்காந்து என்னா செய்வியோ தெரியாது. கண்ணு முன்னாலயே இருக்கட்டும்னாங்க."

சுற்றிலும் பேச்சுச் சத்தம். ஒரு குழந்தை பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் எண் வந்தது. அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கவுண்ட்டருக்கு நடந்தார். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண், நல்ல மாதிரி. மலாயில் ஏதோ கேட்டார். நான் தடுமாறிப் பதில் சொல்ல, சேகர் திருத்திச் சொன்னார். மனைவியா என்று கேட்டார். மனைவிதான் என்றார் சேகர். கையெழுத்துப் போட்டார். கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழி முழுக்க அவர் லோரிகளைப் பற்றிப் பேசினார்.

8

பாஸ் கிடைத்துவிட்டது. எது எப்படிப் போனாலும் இன்னும் ஒரு வருடம் என் பிள்ளையோடு இருப்பேன். அதைத்தானே கேட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வரும் வழியில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கி, ஹர்ஷினிக்குப் பிடித்த மாதிரி புளி குறைத்துக் குழம்பு வைத்தேன். சேகர் வெளியே போய்விட்டார். பெரியக்கா ஹாலில் தன் பானைச் சோற்றோடு உட்கார்ந்திருந்தார். நானும் ஹர்ஷினியும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு தட்டிலும் நான்தான் பரிமாறினேன்.

அவள் சோற்றைத் தொடவில்லை.

"என்னடா, மீன் நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கும்."

"அப்புறம் ஏன் பார்த்துக்கிட்டே இருக்க? ஆறிடும், சாப்பிடு."

அவள் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகவோ பயமாகவோ இல்லை. பெரியவர்களிடம் பேச வேண்டிய மரியாதையோடு, நான் சொல்லிக் கொடுத்த தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்கம்மா."

நான் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன். மென்றேன். விழுங்கினேன். அது இறங்கும்வரை அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையை நீட்டி என் தட்டிலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள்.